முனிரத்தினத்தின் பிழையற்ற மனு

கீழ்மொட்டூர் டிரான்ஸ்பார்மர் எரிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அது எரிந்ததாகச் சொல்வதற்குத் தர்க்கரீதியான ஆதாரம் எதுவும் இல்லை என்று அரசாங்கம் முனிரத்தினத்துக்குத் தெரியப்படுத்தியது அதே வாரம் வெள்ளிக்கிழமை. இடைப்பட்ட நாட்களில் அவர் தன்னை ஒரு சாதாரண மனிதர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். தன் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னாலும் ஒரு ராட்சசன் குந்தியிருப்பது அவருக்குத் தெரியாது.

டிரான்ஸ்பார்மர் எரிவது விஜயபுரம் மண்டலத்தில் பெரிய சேதி அல்ல. டமால் என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, எண்ணெய் தீய்ந்த வாசனை. அப்புறம் ஊரிலுள்ள பதினாலு போர் மோட்டார்களும் ஊமையாகிவிடும். லைன்மேனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஊர்க்காரர்களே சேர்ந்து அதைக் கம்பத்திலிருந்து இறக்கி, டிராக்டரில் ஏற்றி, ரிப்பேர் ஷெட்டில் போட்டுவிட்டு, வேறொன்றை ஏற்றிக்கொண்டு வருவார்கள். பொருள் அரசாங்கத்துடையது, முதுகு ஊராருடையது. இந்த ஏற்பாட்டில் யாருக்கும் புகார் இருந்ததில்லை.

ஆனால் இந்தத் தடவை முனிரத்தினத்துக்கு அவசரம். இரண்டு ஏக்கரில் வேர்க்கடலை போட்டிருந்தார். பூ முடிந்து காய் பிடிக்கிற நேரம். மண்ணைக் கிள்ளிப் பார்த்து, பன்னிரண்டு நாள் தாங்கும் என்று கணக்குச் சொன்னாள் அவர் மனைவி செல்லியம்மா. அவள் மண்ணைக் கிள்ளிச் சொன்ன கணக்கு தப்பியதில்லை. இந்த வெள்ளாமையும் போனால் நிலத்தை விற்றுவிட்டு ஸ்ரீபெரும்புதூருக்கு வந்துவிட வேண்டும் என்று, அங்கே செல்போன் கம்பெனியில் வேலை செய்யும் மகன் ரங்கன் ஏற்கெனவே சொல்லியிருந்தான். வாட்ச்மேன் வேலை ஒன்றும் பார்த்துவைத்திருந்தான். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதுமாம். அந்த நாற்காலியை நினைத்தாலே முனிரத்தினத்துக்கு இடுப்பு வலித்தது.

ஆகவே வியாழக்கிழமை நகரிக்குப் பஸ் ஏறி, கரண்ட் ஆபீசில் ஏ.இ. பாலசுந்தரத்தின் முன்னால் போய் நின்றார். பாலசுந்தரம் நல்ல மனிதர். முன்பெல்லாம் முனிரத்தினத்தின் முகத்தைப் பார்த்ததுமே ஷெட்டுக்கு போன் போட்டுவிடுவார். அன்றைக்கு முகத்தைப் பார்க்காமல் மேசை டிராயரைத் திறந்து ஒரு சர்க்குலரைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும் முனிரத்தினம். எரிஞ்சிருக்கும். நான் நம்பறேன். ஆனா என் நம்பிக்கைக்கு சீல் இல்ல. திருப்பதி போய் தர்க்கச் சான்றிதழ் வாங்கிக்கினு வா."

அரசாங்கம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் போட்டுக்கொண்டிருந்த வருடங்கள் அவை. பிறப்பைப் போட்டார்கள், இறப்பைப் போட்டார்கள், இடையில் இருக்கும் நிலப்பட்டாவைப் போட்டார்கள். கடைசியில் ஜனங்களின் மனுக்களைப் போடலாம் என்று பார்த்தால், ஒரே அழுகையும் மூக்குச் சிந்தலுமாக இருந்ததாம். நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று மனுக்களில் வாதம் கோணலாக இருக்கிறது என்று ஒரு வெளிநாட்டு ஆலோசகர் கண்டுபிடித்தார். மீதி ஏழு மனுக்களில் கையெழுத்து புரியவில்லை. ஜனங்கள் நேராக யோசிக்கக் கற்றுக்கொண்டால் குறைகள் தானாகத் தீரும் என்று முடிவாகி, அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்காகச் செய்த ஒரு வீடியோ கேமை வாங்கினார்கள். அதிலிருந்த பூதங்களுக்கு மீசை வைத்து, உள்ளூர் மனோபாவத்துக்கு ஏற்ப மாற்றி, 'தர்க்க விஜயம்' என்று பெயரிட்டார்கள். அதை நடத்துவதற்கு ஒரு துறை, துறைக்கு ஒரு கட்டடம், கட்டடத்துக்கு ஒரு டைரக்டர். திருப்பதியில் அந்த ஏழு மாடிக் கட்டடத்துக்குத் தர்க்க பவன் என்று பெயர்.

விளையாட்டு எளிமையானது. திரையில் ஒரு வாக்கியம் வரும். அதில் யோசனைப் பிழை இருந்தால் அதன் பின்னால் ஒரு ராட்சசன் ஒளிந்திருப்பான். எந்த ராட்சசன் என்று கண்டுபிடித்துச் சுட வேண்டும். 'எல்லாரும் சொல்றாங்க, அதனால நெஜம்' என்றால் கும்பலாசுரன். 'பெரிய மனுஷர் சொன்னார், அதனால நெஜம்' என்றால் பெரியமனுஷாசுரன். 'அய்யோ பாவம், அதனால நெஜம்' என்றால் கண்ணீராசுரன். ஒவ்வொருவருக்கும் மூன்று அறிவு லட்டு கொடுக்கப்படும். தவறாகச் சுட்டால் ராட்சசன் ஒரு லட்டைத் தின்பான். மூன்றும் தீர்ந்தால் மறுநாள்தான் வர வேண்டும். இது முதல் சுற்று. இரண்டாவது சுற்றில் மனுதாரரின் சொந்த மனுவே திரையில் வரும். அதிலுள்ள ராட்சசர்களையும் அவரே சுட வேண்டும்.

வெள்ளிக்கிழமை முனிரத்தினம் கம்பி கட்டிய வரிசையில் நான்கு மணி நேரம் நகர்ந்து, மூன்று கூண்டுகளில் உட்கார்ந்து எழுந்து, பதினோராம் நம்பர் கம்ப்யூட்டரை அடைந்தார். அதை இயக்குபவள் சந்தியா, சத்தியவேடு பக்கத்துப் பெண், ஒப்பந்த ஊழியர். முதல் சுற்று ஆனதும் ஜனங்கள் தங்கள் குறையை வாயால் சொல்ல, அவள் டைப் செய்ய வேண்டும்; அந்த வாக்கியங்களில் ராட்சசன் வந்தாலும் லட்டு போகும். கண்ணைப் பார்க்கக் கூடாது என்பது விதி.

முனிரத்தினம் சொன்னார்: "டிரான்ஸ்பார்மர் எரிஞ்சிபோச்சு. அதனால மோட்டார் ஓடல."

திரையில் மீசை முளைத்தது. காரணாசுரன். ஒன்றுக்குப் பின் இன்னொன்று நடந்ததால், ஒன்றால்தான் இன்னொன்று நடந்தது என்று எப்படிச் சொல்வாய், மூடனே, என்று சுத்தமான தெலுங்கில் கேட்டுவிட்டு முதல் லட்டைத் தின்றான்.

முனிரத்தினம் கொஞ்ச நேரம் லட்டு இருந்த இடத்தையே பார்த்தார். பிறகு, தண்ணி இல்லாவிட்டால் கடலை காயும், காய்ந்தால் நிலத்தை விற்க வேண்டும், விற்றால் ஸ்ரீபெரும்புதூரில் நாற்காலியில் உட்கார வேண்டும் என்று விளக்கினார். சறுக்காசுரன் வந்தான். ஒரு படியில் கால் வைத்ததும் பாதாளம் வரைக்கும் போய்விடும் வாதங்களைத் தின்பவன் அவன். அவனுக்கு இரண்டாவது லட்டு. நாற்பது வருடமாக லைன்மேன் வேலை பார்க்கும் ஆளே எரிந்துபோச்சு என்று சொன்னதாகச் சொல்லிப் பார்த்தார். பெரியமனுஷாசுரன் மூன்றாவதைத் தின்று ஏப்பம் விட்டான். ஏப்பம் அமெரிக்காவிலேயே பதிவு செய்தது.

சந்தியா விதியை மீறி நிமிர்ந்து பார்த்தாள். "நாளைக்கி வாங்க மாமா. வரும்போது 'அதனால'ன்ற வார்த்தைய வீட்லயே விட்டுட்டு வாங்க."

சனிக்கிழமை செல்லியம்மாவும் கூட வந்தாள். ஒரு பொம்மைக்கு முன்னால் பேசத் தெரியாத ஆளைக் கட்டிக்கொண்டது தன் தப்பு என்று பஸ்ஸில் புத்தூர் வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தாள். கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்ததும், அதைச் சொந்தக்காரப் பெண் என்று நினைத்துக்கொண்டு, விதைக்கடலை வாங்கியதிலிருந்து ஆரம்பித்தாள். களை எடுத்தது வரும்போது அவள் கண் கலங்கியது. கண்ணீராசுரன் இரண்டு லட்டைச் சேர்த்தே தின்றான்.

"இன்னாது இது? கண்ணுல தண்ணி வந்தா லட்ட புடுங்குவானா?"

ஒரு கண்ணுக்கு ஒன்று என்று சந்தியா மெதுவாகச் சொன்னாள்.

"எங்க ஊர்ல தண்ணி வர்றதே இந்தக் கண்ணுல மட்டுந்தான்டி" என்றாள் செல்லியம்மா. அதற்கு எந்த ராட்சசன் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, பாதுகாப்பாக மூன்றாவது லட்டையும் எடுத்துக்கொண்டது.

ஞாயிறு பவனுக்கு விடுமுறை. கடலைச் செடிக்கு விடுமுறை இல்லை, அது வாடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை முனிரத்தினம் ஊரையே திரட்டினார். பதினாலு மோட்டாருக்குப் பதினாலு பேர் வேட்டி மாற்றிக்கொண்டு வேனில் வந்து இறங்கினார்கள். கும்பலாசுரன் அவ்வளவு சந்தோஷமாக அதுவரை சிரித்ததில்லை. அப்படியானால் நான் ஒருத்தனே சொல்கிறேன் என்று முனிரத்தினம் முன்னால் வந்தார். ஒரே ஒரு ஆளை வைத்து ஊருக்கே கரண்ட் இல்லை என்று முடிவு கட்டுவதா என்று அவசராசுரன் பாய்ந்தான்.

பதினாலும் தப்பு, ஒன்றும் தப்பு என்றால் எத்தனை பேர் சரி என்று முனிரத்தினம் கேட்டார். தர்க்க பவன் திறந்த எட்டு மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி. ஏழாவது மாடிக்குப் போனது. டைரக்டர் புருஷோத்தமனே லிப்டில் இறங்கி வந்தார்.

புருஷோத்தமன் வெள்ளைச் சட்டையும், எதையும் கேட்பதற்கு முன்பே தலையாட்டும் பழக்கமும் கொண்டவர். நான்கு பேருக்கு மேல் நின்றால் அவருக்கு அது மேடை. மேடையில் இலக்கணமாகப் பேசுவார்.

"நல்ல கேள்வி. ஒருவர் சொன்னால் அவசரம். பதினான்கு பேர் சொன்னால் கும்பல். உண்மை எப்போதும் நடுவில்தான் இருக்கும். ஒன்றுக்கும் பதினான்குக்கும் நடுவில் ஏழரை. எனவே இனிமேல் ஒரு விஷயத்தை ஏழரைப் பேர் சொன்னால் அது உண்மை."

ஊழியர்கள் கைதட்டினார்கள். சர்க்குலர் அரை மணி நேரத்தில் அச்சாகி வந்தது. கீழ்மொட்டூர்க்காரர்கள் வாசலில் இருந்த டீக்கடையில் கூடி, அரை ஆளுக்கு எங்கே போவது என்று யோசித்தார்கள். பதினாலு பேரில் ஒருவரான கங்கையா தலையைச் சொறிந்தார். அவருக்கும் அவர் தம்பிக்கும் சேர்ந்து ஒரே போர், ஒரே மோட்டார். நாள்விட்டு நாள் தண்ணீர். பாகப் பத்திரத்தில் மோட்டாரில் அரைப் பங்கு என்றே எழுதியிருக்கிறது. அந்த வகையில் பார்த்தால் டிரான்ஸ்பார்மர் விஷயத்தில் கங்கையா அரை ஆள்தான்.

ஏழு பேரும் கங்கையாவும் மறுபடி உள்ளே போனார்கள். கவுண்டரில் இருந்தவர் பாகப் பத்திரத்தின் நகலைப் பார்த்து, சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது என்று ஒப்புக்கொண்டு, கங்கையாவை அரை என்று பதிவு செய்தார். எட்டு மாதத்தில் முதல் தடவையாகப் பவனுக்குள் ஒரு காரியம் நடந்ததைப் பார்த்து, சந்தியா நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஆறு பேர் சொன்னார்கள். முனிரத்தினம் சொன்னார். கடைசியில் கங்கையா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஆமாங்க, எரிஞ்சிதான் போச்சு, நானே பாத்தேன்" என்றார்.

மனு தள்ளுபடியானது. அரை ஆள் என்று பதிவானவர் முழு வாக்கியம் பேசிவிட்டார்.

திரும்பும்போது வேனில் யாரும் கங்கையாவோடு பேசவில்லை. அவரே ரொம்ப நேரம் கழித்து, "'எரிஞ்சி'ன்னதோட நிறுத்தி இருக்கணும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை அவர்கள் செய்தது, இந்தப் பக்கத்து ஜனங்கள் மட்டுமே செய்யக்கூடிய காரியம். வாயால் சொன்னால்தானே ராட்சசன் வருகிறான். பொருளையே காட்டிவிடலாம் என்று முடிவு செய்து, எரிந்த டிரான்ஸ்பார்மரைக் கயிறு கட்டி இறக்கி, டிராக்டரில் ஏற்றி, வழக்கமாக ஷெட்டுப் பக்கம் திரும்பும் இடத்தில் திரும்பாமல் நேராகத் திருப்பதிக்கு ஓட்டிவிட்டார்கள். தர்க்க பவன் வாசலில் பத்துப் பேர் அதைத் தூக்கிக்கொண்டு நின்றபோது, காவலாளிக்கு எந்த விதியைச் சொல்வது என்று தெரியவில்லை. பைகளை வெளியே வைக்க வேண்டும் என்று விதி இருந்தது. செருப்பை வெளியே விட வேண்டும் என்று இருந்தது. டிரான்ஸ்பார்மரைப் பற்றி ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததைச் செருப்போடு சேர்ப்பதுதான் பாதுகாப்பு என்று அவர் முடிவு செய்தார்.

செருப்பு ஸ்டாண்டில் இருந்த வெங்கடலட்சுமி அதை மேலும் கீழும் பார்த்தாள். இது ஒன்றா, ஜோடியா என்று கேட்டாள். ஒன்றுதான் என்றதும், ஒற்றையாக வாங்குவதில்லை என்றாள். ரொம்ப நேரம் கெஞ்சியபிறகு வாங்கி, அதைத் தூக்குவதற்கு இருந்த இரும்புக் காதில் கயிறு கட்டி, நானூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் டோக்கனைக் கொடுத்தாள். முனிரத்தினம் அந்த டோக்கனைத்தான் பதினோராம் நம்பர் கம்ப்யூட்டருக்கு ஆதாரமாகக் காட்ட முடிந்தது. டோக்கனில் செருப்பு என்று அச்சாகியிருந்தது.

நான்கு நாளில் பன்னிரண்டு லட்டு போயிருந்தது. செல்லியம்மாவின் கணக்கில் மிச்சம் நான்கு நாள்.

அதற்குள் முனிரத்தினத்துக்கு ஒன்று ஆகியிருந்தது. முதல் சுற்றில் அவர் ஒரு வாக்கியத்தையும் தவற விடுவதில்லை. ராட்சசனின் மீசை நுனி தெரியும் முன்பே சுட்டுவிடுவார். அது பவனுக்குள் மட்டும் இருந்தால் பரவாயில்லை. பஸ்ஸில் யாராவது, மழை வரும்போல இருக்கே என்றால் அவர் விரல் துடித்தது. செவ்வாய் சாயங்காலம் செல்லியம்மா, ஊரே சிரிக்கிறது என்று ஆரம்பித்தபோது அவர் தன்னை அறியாமல் "கும்பலாசுரன்" என்றார். சோறு அரை மணி நேரம் தாமதமாக வந்தது.

புதன்கிழமை பிற்பகல் அவர் இரண்டாவது சுற்றில் உட்கார்ந்தார். நான்கு நாளாக அவர் சொன்னதையெல்லாம் சேர்த்துச் சந்தியா டைப் செய்து வைத்திருந்ததால், அவர் வாயைத் திறக்காமலே மனு முழுவதும் திரையில் வந்தது. பதினொரு வரி. முனிரத்தினம் மௌஸைப் பிடித்தார்.

'கீழ்மொட்டூர் விவசாயிகள் பதினான்கு பேரும்' என்ற வரியில் கும்பலாசுரன் இருந்தான், சுட்டார். 'எங்கள் பரம்பரை நிலம்' என்பதில் பழக்காசுரன்; எது பழசோ அது சரி என்பவன்; சுட்டார். 'பயிர் வாடுகிறது' என்பதற்குப் பின்னால் கண்ணீராசுரன் கைக்குட்டையோடு காத்திருந்தான். முனிரத்தினம் ஒரு கணம் தயங்கினார். பிறகு அவனையும் சுட்டார். 'தயவுசெய்து' போனது. 'உடனடியாக' போனது. எட்டாவது வரியில் டிரான்ஸ்பார்மரே போனது. கடைசியில், 'இப்படிக்கு, முனிரத்தினம்' என்பது மட்டும் மிச்சமிருந்தது. தன் பெயரைச் சொல்லித் தன் பேச்சை நம்பச் சொல்வது எந்தக் கணக்கில் வரும் என்று யோசித்து, பெரியமனுஷாசுரன் என்று முடிவு செய்து, தன்னையும் சுட்டுக்கொண்டார்.

திரை வெள்ளையானது. கம்ப்யூட்டர் நாதஸ்வரம் வாசித்தது. நூற்றுக்கு நூறு.

அந்த நாதஸ்வரத்தை அதுவரை யாரும் கேட்டதில்லை. டைரக்டர் லிப்டுக்குக் காத்திருக்காமல் படியில் ஓடி வந்தார். பிரிண்டரிலிருந்து வந்த வெள்ளைத் தாளைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். கண் பனித்தது. லட்டு எதுவும் போகவில்லை, அவர் ஊழியர்.

"மாநிலத்திலேயே முதல் பிழையற்ற மனு" என்றார்.

மனுவில் டிரான்ஸ்பார்மரே இல்லையே என்று முனிரத்தினம் சொல்லிப் பார்த்தார். கோரிக்கை இல்லாததுதான் மனுவின் முதிர்ச்சி என்று டைரக்டர் விளக்கினார். தர்க்க பவன் திறந்தபிறகு வரும் மனுக்கள் நூற்றுக்குத் தொண்ணூறு குறைந்துவிட்டன. ஆகவே ஜனங்களின் கஷ்டமும் நூற்றுக்குத் தொண்ணூறு குறைந்துவிட்டது. இந்த விளையாட்டைக் குறை சொல்பவர்கள் ஒன்று விளையாடாதவர்கள், அவர்களுக்குப் பேச உரிமை இல்லை. அல்லது விளையாடித் தோற்றவர்கள், அவர்களுக்குப் பொறாமை. முனிரத்தினத்தின் விரல் மௌஸில் தானாக அழுந்தி அழுந்தி நின்றது. சந்தியா மௌஸின் வயரை மெதுவாகப் பிடுங்கினாள்.

அத்தோடு டைரக்டர் இன்னொன்றும் அறிவித்தார். இப்படிப்பட்ட ஒரு குடிமகனை ஈன்ற ஊரில் மாநிலத்தின் முதல் கிராமத் தர்க்க மையம் திறக்கப்படும். வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு நல்ல நேரம்.

கீழ்மொட்டூரில் மையத்துக்குக் கரண்ட் வேண்டுமே என்று புதன்கிழமை சாயங்காலம் யாரோ ஒரு அதிகாரி கேட்டார். வியாழக்கிழமை காலை ஏ.இ. பாலசுந்தரம் புத்தம்புது டிரான்ஸ்பார்மரோடு ஊருக்குள் வந்து இறங்கினார். கம்பெனி பெயின்ட் வாசனை கூடப் போகாதது. ஊர்க்காரர்களின் முதுகு தேவைப்படவில்லை. அதற்கும் ஆள் கூட்டி வந்திருந்தார்.

"எந்த மனு சார் இது?" என்று முனிரத்தினம் கேட்டார்.

"மனுவா? போன் வந்துச்சுப்பா" என்றார் பாலசுந்தரம்.

ஆனால் கம்பத்து ஸ்விட்சில் சிவப்பு ரிப்பன் கட்டியாகிவிட்டது. டைரக்டர் வெட்டும்வரைக்கும் யாரும் அதைத் தொடக் கூடாது. வியாழக்கிழமை முழுவதும் செல்லியம்மா வரப்பில் நின்று அந்த ரிப்பனைப் பார்த்தாள். செடிகள் இலையை மடித்துக்கொண்டிருந்தன. அவள் கையில் களைவெட்டி வேறு இருந்ததால் முனிரத்தினம் அவள் பக்கத்தை விட்டு நகரவில்லை.

வெள்ளிக்கிழமை, பதினோராவது நாள். பள்ளிக்கூட வராந்தாவில் சாமியானா, மாலை, மேசைமேல் மஞ்சள் குங்குமம் வைத்த கம்ப்யூட்டர். கம்பம் பள்ளிக்கூடத்தை ஒட்டியே இருந்தது. டைரக்டர் ரிப்பனை வெட்டினார். லைன்மேன் ஸ்விட்சைத் தள்ளினார். திரையில் கும்பலாசுரன் மீசையை முறுக்கினான். டைரக்டர் மைக்கைப் பிடித்து, "இன்று கீழ்மொட்டூர் யோசிக்கத் தொடங்குகிறது" என்றார்.

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. கரண்ட் எப்போது வரும் என்று தெரியாத ஊர்களில், எவனும் மோட்டாரை நிறுத்தி வைப்பதில்லை. வந்ததும் தானாக ஓடட்டும் என்று ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டுவிட்டுப் போய்விடுவான். கீழ்மொட்டூரில் பதினாலு மோட்டாரிலும் அதுதான் இருந்தது. பதினாலும் ஒரே மூச்சில் எழுந்தன. வோல்டேஜ் விழுந்து மைக் முனகியது. கும்பலாசுரன் பக்கவாட்டில் சுருங்கி, ஒரு கோடாகி, புள்ளியாகி மறைந்தான். தூரத்தில் தண்ணீர் குழாயில் ஏறும் கொர்ரென்ற சத்தம் கேட்டது. கூட்டத்தில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

மோட்டார்களை நிறுத்தும்படி டைரக்டர் உத்தரவிட்டார். தொடக்க விழா முடிந்து, மையம் சீராக இயங்கி, அறிக்கை போய், அதன்பிறகு ஒரு வாரத்தில் விவசாயத்துக்குத் தனி நேரம் ஒதுக்கலாம் என்றார். லைன்மேன் பாலசுந்தரத்தைப் பார்த்தார். பாலசுந்தரம் தன் ஷூவைப் பார்த்தார். லைன்மேனின் கை ஸ்விட்சை நோக்கிப் போனது.

முனிரத்தினம் எழுந்தார். கழுத்தில் அவர்கள் போட்ட மாலை இருந்தது. கடலை காய்ந்துவிடும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அது நேரான, உண்மையான வாக்கியம். அந்த மாதிரி வாக்கியங்களுக்கு என்ன ஆகும் என்று பதினொரு வரியில் பார்த்தவர் அவர். சுட்ட ராட்சசர்கள் எல்லாம் அவர் மனசுக்குள் வரிசையாக, கைகட்டி, என்ன வேலை சொல்லுங்கள் என்று நின்றார்கள்.

"சார், உங்கள மாதிரி படிச்ச ஆபீசர் இந்த ஜில்லாவுக்கே வந்ததில்ல" என்று ஆரம்பித்தார்.

டைரக்டரின் தலை ஆட ஆரம்பித்தது.

"சிங்கப்பூர்ல இந்த மாதிரி மையம் தொறந்தா, மொதல்ல ஊருக்குத் தண்ணி விட்டுட்டு அப்பறந்தான் பொட்டியப் போடறாங்களாம் சார்."

"சிங்கப்பூரிலா?"

"சிங்கப்பூர்ல. மலேசியாவுல இப்பதான் பாத்துட்டு ஆரம்பிச்சிருக்காங்க. ஒலகமே அப்பிடித்தான் செஞ்சிக்கினு இருக்குது. தண்ணிய நிறுத்தினீங்கன்னா நாளைக்கி பேப்பர்ல வரும். பேப்பர்ல வந்தா மேல இருக்கறவங்க படிப்பாங்க. படிச்சா காடா இருக்கற எடமா பாத்து உங்கள மாத்துவாங்க. ரெண்டே வழிதான் சார். ஒன்னு தண்ணி ஓடணும். இல்லாட்டி உங்களுக்கு லாஜிக் தெரியாதுன்னு ஆயிடும்."

கம்ப்யூட்டரை இயக்க வந்திருந்த சந்தியா அதன் பின்னால் நின்றுகொண்டு விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். திரை இருட்டாக இருந்ததால் ஒரு ராட்சசனும் வெளியே வர வழியில்லை.

டைரக்டர் நீண்ட நேரம் யோசித்தார், அல்லது யோசிப்பதுபோல நின்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, கம்மிய மைக்கை மீறிக் கத்தினார். "கேட்டீர்களா? ஒரு பாமர விவசாயி. ஒரு பிழை உண்டா அவர் பேச்சில்? இதுதான் நம் பயிற்சியின் வெற்றி!" என்று சொல்லி, தண்ணீர் ஓடுவதே தொடக்க விழா என்று அறிவித்தார். கம்ப்யூட்டர் ஒரு ஓரமாகத் துணி போட்டு மூடப்பட்டது. பாலசுந்தரம்தான் முதலில் கைதட்டினார். ரொம்ப நேரம் தட்டினார்.

முனிரத்தினம் மாலையோடு வராந்தாவை விட்டு இறங்கியபோது சந்தியா பின்னாலேயே வந்தாள்.

"ஆறு பேரு மாமா. வெரல் விட்டு எண்ணினேன்."

"தப்புதாம்மா" என்றார் அவர் தலைகுனிந்து. உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. "அந்த சிங்கப்பூரு எந்தப் பக்கம் இருக்குதுன்னுகூட எனக்குத் தெரியாது."

"எனக்கு சுடணும்னு தோணல" என்றாள் சந்தியா. அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். வாய்க்கால் வழி முழுக்க ஈரமாகியிருந்தது.

நிலத்தில் செல்லியம்மா புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு மடையில் நின்றிருந்தாள். தண்ணீர் முதல் இரண்டு பாத்தியை நனைத்துவிட்டு மூன்றாவதில் நுழைந்துகொண்டிருந்தது. முனிரத்தினம் வரப்பில் நின்று, நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னார்: டைரக்டர் என்ன சொன்னார், தான் எந்தெந்த ராட்சசனை எந்தெந்த இடத்தில் ஏவினார், கும்பலாசுரன் எங்கே கைகொடுத்தான், ஆகவே எப்படி—

"யோவ்" என்றாள் செல்லியம்மா. "பேசிக்கினே நிக்கறியே, நாலாவது பாத்தி வாய் அடைச்சிக்கினு கெடக்குது பாரு."

அவர் மாலையைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு மண்வெட்டியை வாங்கிக்கொண்டு இறங்கினார்.